5 அச்சு பிரின்டர்: கோன் தூக்கும் கொக்கி லேயர் பிளந்து உடைகிறது, மெஷின் மாற்றினால் தீருமா?

கணபதி_லேத்

வணக்கமுங்க. கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். 2 விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), அப்பா காலத்து லேத் ஒன்று, 2 வருசமாக ஒரு சாதா 3டி பிரின்டர். வேலைப் பொருளைப் பிடித்து வைக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர், மில்லுக்கு நூல் கைடு எல்லாம் பிரின்டரில் ஓடுகிறது. இப்போது பட்டறை வாடகையைக் கட்டுவது அதுதான். இதை அப்பாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

பிரச்சினை ஒரு கொக்கி. ஒரு மில்லில் பேக்கிங் பகுதியில் நூல் கோனைத் தூக்கி வைக்கும் கைக்கு அடியில் மாட்டுவது. மேலே 4 போல்ட் ஓட்டையோடு ஒரு தட்டை, அதிலிருந்து கீழே இறங்கி, வளைந்து, உள்ளே திரும்பும் கொக்கி. கொக்கிக்குள்ளேயே காற்று போக 6 மில்லிமீட்டர் வழி, அதுவும் கொக்கியோடு சேர்ந்து வளைந்து போகிறது. கார்பன் கலந்த நைலான் 6 ஃபிலமென்டில் (பிரின்டருக்குப் போடும் பிளாஸ்டிக் கம்பி) அடித்தேன். கோன் எடை 2 கிலோ கூட இல்லை. ஆனால் நிமிசத்துக்கு 6 தடவை தூக்கி இறக்குகிறது. 11 நாளில் வளைவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் உடைந்த மாதிரி பட்டென்று போய்விட்டது. உடைந்த இடம் வழவழவென்று இருக்கிறது.

இந்த நேரத்தில் பல அச்சு (ஆக்சிஸ்) பிரின்டர் செய்யும் ஒரு கம்பெனியின் ஆள் வந்தார். மேசை சாயும், சுற்றும், வேண்டிய பக்கம் பார்த்து அடிக்கும், அந்தரத்தில் நிற்கும் பகுதிக்கு முட்டுக்கொடுக்கும் சப்போர்ட் வேண்டாம், 3 மடங்கு பலம் என்றார். விலை சொன்னபோது குடித்த டீ இறங்கவில்லை. என் 2 விஎம்சியும் சேர்ந்த விலைக்கு மேலே. இதில் யாருக்காவது அனுபவம் உண்டா?

ஊடைநூல்

தலைப்பில் 5 அச்சு என்று பார்த்ததும் தறி அச்சைப் பற்றி யாரோ கேட்கிறார்கள் என்று ஓடி வந்தேன். நமக்கு அச்சு என்றால் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கோக்கிற அச்சுதான். அதை விட்டால் சித்தோடு சந்தைக்கு வரும் அச்சு வெல்லம்.

சரி, வந்ததற்கு ஒரு கேள்வி. சோமனூரில் எங்கள் கூடத்தில் துணியைக் கிழித்துப் பார்க்கும்போது பாவுப் பக்கம் ஒரு பலம், குறுக்கே போகும் ஊடைப் பக்கம் ஒரு பலம் என்று இருக்கும். உங்கள் கொக்கியில் பாவு மட்டும்தானே இருக்கிறது? குறுக்கே ஊடையே போடாமல் நெய்த துணி மாதிரி இல்லையா?

பீளமேடு_வாத்தியார்

ஊடைநூல் சொன்னதை வகுப்பில் நான் 2 மணி நேரம் சொல்வேன்.

இந்தப் பிரின்டர் பிளாஸ்டிக்கை உருக்கிக் கயிறு மாதிரி இழுத்து, ஒரு லேயர் முடிந்ததும் அதன் மேலே அடுத்த லேயரை வைக்கிறது. இதைக் கண்டுபிடித்த ஸ்காட் கிரம்ப் 1989-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது இருந்த முறையேதான். 2009-இல் அந்தக் காப்புரிமை காலாவதியானதும்தான் மலிவான பிரின்டர்கள் வந்து நம் மேசைக்கெல்லாம் ஏறின. சங்கதி என்னவென்றால், மேலே விழும் கயிறு சூடாக இருக்கிறது, கீழே இருப்பது ஏற்கெனவே ஆறிவிட்டது. இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாகப் புகுந்து பின்னிக்கொள்ளும் முன் உறைந்துவிடுகிறது. கார்பன் கலந்தால் இன்னும் மோசம். குட்டி இழைகள் எல்லாம், பிளாஸ்டிக் வெளியே வரும் முனையான நாசில் போகும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஒரு லேயரிலிருந்து அடுத்த லேயருக்குக் குறுக்கே ஓர் இழை கூடப் போவதில்லை. பிரின்டர் கம்பெனியான ஸ்ட்ராட்டசிஸின் கார்பன் கலந்த நைலான் 12-க்கு அவர்களே தரும் தகவல் தாளைப் பாருங்கள்: படுக்கையாக அடித்தால் இழுவிசை பலம் சுமார் 75 மெகாபாஸ்கல், நிற்க வைத்து அடித்தால் சுமார் 34. பாதிகூட இல்லை.

தம்பி, உடைந்த முகம் வழவழப்பாக இருக்கிறது என்றால் அது லேயர் விட்டுப் போனதற்கு அடையாளம். பொருளே அறுந்திருந்தால் முகம் சொரசொரப்பாக, இழை நீட்டிக்கொண்டு இருக்கும். இன்னொன்று, நிமிசத்துக்கு 6 என்றால் 11 நாளில் கிட்டத்தட்ட 95,000 தடவை. 2 கிலோ என்று எடையைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்.

கணபதி_லேத்

சார், திருப்பிப் போட்டு அடித்தும் பார்த்தேன். நிற்க வைத்தால் தண்டு பிளக்கிறது. படுக்கப் போட்டால் கொக்கி நல்லா இருக்கிறது, ஆனால் மேல் தட்டை தண்டோடு சேரும் மூலையில் பிளக்கிறது. 45 டிகிரி சாய்த்தால் சப்போர்ட்டே பாதி கிலோ வருகிறது, அதைப் பிய்த்து எடுக்க ஒரு பையன் அரை நாள் உட்கார வேண்டும். காற்று வழிக்குள் மாட்டிக்கொண்ட சப்போர்ட்டை எடுக்கவே முடியவில்லை.

நொய்யல்கரை

அலுமினியக் கட்டையில் கடைந்து மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானேங்க? எதற்கு இந்தப் பாடு?

கணபதி_லேத்

அந்தக் கையின் மோட்டார் சின்னது. எடை கூடினால் வேகம் குறைகிறது என்று மில்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வளைந்து போகிற காற்று வழியை எந்த டிரில்லில் போடுவது? 2 பக்கமும் நேராகத் துளைத்து நடுவில் சந்திக்க வைத்து, வெளி ஓட்டையை அடைக்கலாம். செய்தும் பார்த்தாயிற்று. அடைப்பு கழன்று கோன் மேலேயே விழுந்தது.

ஆவாரம்பாளையம்_பேட்டர்ன்

எனக்கு இந்த பிரின்டர் எல்லாம் தெரியாது. 40 வருசம் பம்ப் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி, செய்தவன். பேரன் இந்தப் பேச்சைப் படித்துக் காட்டினான், அவனே இதைத் தட்டித் தருகிறான்.

தம்பி, இது மரத்தில் ரேகை ஓடுகிற விசயம்தான். தேக்குப் பலகையில் ஒரு வளையத்தை முழுசாக வெட்டினால் 2 இடத்தில் ரேகை குறுக்கே வந்து நிற்கும். அங்கே கை தவறிப் போட்டால் கீறும். அதனால் வளையத்தை முழுப் பலகையில் வெட்ட மாட்டோம். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் ரேகை வளைவோடு போகிற மாதிரி வெட்டி, சுற்றி ஒட்டுவோம். அதற்கு மேல் வரிசையில் இணைப்பை மாற்றி வைப்போம், செங்கல் கட்டுகிற மாதிரி. அப்படிச் செய்த பேட்டர்ன் ஆயிரம் அச்சு எடுத்தாலும் கீறாது.

எங்கப்பா கலப்பை செய்வார். நேரான கட்டையை அவர் வளைவாக வெட்டி நான் பார்த்ததில்லை. காட்டில் கருவேல மரத்தில் வளைந்தே வளர்ந்த கிளையாகத் தேடிக்கொண்டு வருவார். வளைவோடு ரேகையும் வளைந்திருக்கும், மாடு எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். உங்கள் மெஷின் கொக்கி வளைகிற பக்கமே கயிற்றையும் வளைத்து வைக்கிறது என்றால் அது அந்தக் கிளை. அவ்வளவுதானே?

பீளமேடு_வாத்தியார்

அவ்வளவேதான் ஐயா. அடுத்த வருசப் பாடத்தில் படத்தோடு உங்கள் கலப்பைதான்.

வைட்ஃபீல்டு_கோவைக்காரன்

நான் கோவை, இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டரில் ஓடும் (சிஎன்சி) மெஷின்களுக்குக் கன்ட்ரோலர் எழுதும் வேலை. பல அச்சு பிரின்டர் 2 வகைகளோடு மல்லுக்கட்டி இருக்கிறேன். கலப்பை உதாரணம் அருமை, ஆனால் அந்தக் கிளையை வளர்ப்பது யார் என்பதுதான் கேள்வி. அதை வளர்ப்பது சாஃப்ட்வேர்.

பாகத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாதை போடும் சாஃப்ட்வேர்தான் ஸ்லைசர். சாதா ஸ்லைசருக்கு வேலை எளிது. உருளைக்கிழங்கை வறுவலுக்குச் சீவுகிற மாதிரி தட்டையாகச் சீவினால் போதும். இங்கே வெங்காயம் மாதிரி வளைந்த அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். அடுக்கு வளையும்போது ஒரு பக்கம் தடிமன் 0.2 மில்லிமீட்டர், மறுபக்கம் 0.4 என்று மாறும். அதற்குத் தகுந்தபடி பிளாஸ்டிக் வரத்தும் நொடிக்கு நொடி மாற வேண்டும். மேசை சுற்றும்போது நடுவில் இருக்கும் புள்ளி மெதுவாகவும் ஓரத்துப் புள்ளி வேகமாகவும் ஓடும். வேகம் மாறுகிற இடத்தில் வரத்து ஒரு கணம் பிந்தினால் அங்கே இடைவெளி, முந்தினால் கட்டி. அப்புறம், நாசில் தலை தான் அடித்த பாகத்தின் மேலேயே மோதும். 5 அச்சு மில்லிங் தெரிந்தவர்களுக்கு மோதல் பயம் தெரியும், ஆனால் மில்லிங்கில் பாகம் குறைந்துகொண்டே போகும். இங்கே வளர்ந்துகொண்டே வரும், எட்டாவது மணி நேரத்தில் வந்து இடிக்கும்.

இன்னொன்றையும் விற்பனைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். சாயும் அச்சின் கோணத்தை அளந்து வைப்பதில் 0.05 டிகிரி தப்பினால், மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி சுமார் 0.17 மில்லிமீட்டர் விலகும். உங்கள் லேயரே 0.2 தான். கிட்டத்தட்ட ஒரு முழு லேயர் காணாமல் போகிற கணக்கு. எனவே மாதம் ஒரு முறையாவது அளவுப் பந்தும் அதைத் தொட்டு அளக்கும் புரோபும் வைத்து அளக்க ஒரு ஆள் வேண்டும்.

பெங்களூர் எத்தீரியல் மெஷின்ஸ்காரர்கள் ஒரே மெஷினில் 5 அச்சில் பிரின்டும் மில்லிங்கும் செய்கிற ஹேலோவைக் கொண்டுபோய் 2018-இல் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் பெரிய விருது வாங்கினார்கள். ஆக, இரும்பு வேலை நம் பக்கத்திலேயே முடிகிற காரியம்தான். பாதை போடுகிற அறிவுதான் இன்னும் விலை அதிகம்.

தேர்_ரிக்

திருச்செங்கோடு. எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி தவிர வேறு தெரியாது, பிளாஸ்டிக்கில் எங்களுக்கு என்ன வேலை? இரும்பில் இந்த மாதிரி உண்டா? ராக்கெட் இன்ஜினையே பிரின்ட் செய்கிறார்களாமே.

வைட்ஃபீல்டு_கோவைக்காரன்

ராக்கெட் என்று நீங்கள் சொல்வது சென்னை அக்னிகுல் கம்பெனி. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியதில் ஒரே துண்டாக பிரின்ட் செய்த இன்ஜின் இருந்தது. ஆனால் அது வேறு முறை, உலோகப் பொடியைப் பரப்பி லேசரால் உருக்குவது. அதில் அடுக்கு தட்டைதான்.

உங்களுக்கு ஒத்து வருவது வெல்டிங் கம்பியை ரோபோ கையில் கொடுத்து அடுக்குவது. ராட்டர்டாமில் 2017-இல் அப்படி ஒரு கப்பல் புரோபெல்லர் செய்தார்கள், குறுக்களவு 1,350 மில்லிமீட்டர், நிக்கல் அலுமினிய வெண்கலம். ஆம்ஸ்டர்டாமில் 12 மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நடைபாலத்தையே ரோபோக்கள் வெல்டு செய்து அடுக்கின. 2021 ஜூலையில் திறந்தார்கள்.

தேர்_ரிக்

அட, தேய்ந்த இடத்தில் வெல்டு ஏற்றி லேத்தில் கடைவதை நாங்கள் எத்தனை வருசமாகச் செய்கிறோம். அதையே ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து ஏற்றுகிறார்கள், அப்படித்தானே? சரி சரி. மேலே பேசுங்க, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊடைநூல்

எனக்கு ஒரு சந்தேகம். கணபதி அண்ணா, அந்த ஃபிலமென்ட் உருளையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கொக்கி எந்த மாதம் அடித்தது?

கணபதி_லேத்

ஆடி மாசம். உருளை மெஷினுக்கு மேலே ஸ்டாண்டில்தான் இருக்கும். ஏன் கேட்கிறீர்கள்?

ஊடைநூல்

பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற ஆடிக் காற்று சாரலோடு வரும். கூடத்தில் ஈரம் ஏறினால் எங்களுக்கு நூல் பேச்சு மாறிவிடும், அதனால் முதலில் அதைத்தான் பார்ப்போம். நைலானும் தண்ணீர் குடிக்கும் என்று கேள்விப்பட்டேன். அடிக்கும்போது நாசிலில் படபடவென்று சத்தம் வந்ததா?

பீளமேடு_வாத்தியார்

அம்மணி, உங்களைக் கல்லூரிக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன். நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. நைலான் 6 ஈரத்தை நன்றாக இழுக்கும். நாசிலுக்குள் அந்த ஈரம் நீராவியாகிக் குமிழ் விடும், லேயர் ஒட்டாது. குமிழைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும் பலம் போயிருக்கும்.

கணபதி_லேத்

சத்தம் வந்ததுங்க. மழைக்காலத்தில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி. மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

வைட்ஃபீல்டு_கோவைக்காரன்

அடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஃபிலமென்டை 80 டிகிரியில் ஒரு ராத்திரி முழுக்கக் காய வையுங்கள். காய்கிற பெட்டியிலிருந்தே நேராக மெஷினுக்குப் போகட்டும். கூடவே ஒரு வேலை. கொக்கியை ஒரே துண்டாக அடிக்க வேண்டாம். தட்டையைத் தனியாகப் படுக்கப் போட்டும், கொக்கியைத் தனியாகப் பக்கவாட்டில் படுக்கப் போட்டும் அடியுங்கள். அப்போது கயிறு வளைவோடு ஓடும். இரண்டையும் 2 எஃகு போல்ட்டால் இறுக்குங்கள். போல்ட் லேயர்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று வழி சேரும் இடத்தில் கசியாமலிருக்க ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்). பெரியவர் சொன்ன வளையத் துண்டு வேலையேதான்.

நொய்யல்கரை

அப்போது 5 அச்சு மெஷினே வேண்டாம் என்கிறீர்களா? கம்பெனிக்காரர் படித்தால் அழுவார்.

வைட்ஃபீல்டு_கோவைக்காரன்

அப்படிச் சொல்லவில்லை. வெட்டி ஒட்ட முடியாத பாகங்கள் இருக்கின்றன. பல பக்கம் கிளை விரியும் குழாய், உள்ளே வழி உள்ள வளைந்த கை, முறிக்காமல் நீளமாக ஓட வேண்டிய கார்பன் இழை. இந்த முழு நீள இழையை மார்க்ஃபோர்ஜ்ட் என்ற கம்பெனி 2014-லிருந்தே பிரின்டருக்குள் கொண்டுவந்துவிட்டது, ஆனால் அது தட்டை அடுக்குக்குள்ளேயே படுக்கிறது. அதை விசை போகிற வழியில் எழுப்பி ஓட்டத்தான் சாயும் மேசையோ ரோபோ கையோ தேவை. ஸ்ட்ராட்டசிஸே 2016-இல் ரோபோ கை வைத்து 8 அச்சில் ஒரு மாதிரி மெஷினைக் காட்டியது. பல்கலைக்கழக ஆட்கள் வளைந்த அடுக்கில் அடித்த சில மாதிரிகள் தட்டை அடுக்கை விட 6 மடங்குக்கு மேலே தாங்கியதாகக் காட்டியிருக்கிறார்கள். அது அந்த வடிவத்துக்கு, அந்தச் சுமைக்கு. உங்கள் விற்பனைக்காரரின் 3 மடங்கும் எந்த வடிவத்துக்கு என்று கேளுங்கள்.

பீக் (PEEK) மாதிரி அதிகச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு தலைவலி. அது உருகுவது 343 டிகிரியில். அறை முழுதும் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்குள் சாயும் மேசையின் பேரிங்கும் மோட்டாரும் கூடவே வேகும். எங்கே வைத்துத் தப்பிக்க வைத்திருக்கிறார்கள் என்று மெஷினைத் திறந்து பாருங்கள்.

பீளமேடு_வாத்தியார்

தம்பிக்கு என் யோசனை: விலை பேசுவதற்கு முன்னால் உங்கள் கொக்கியின் ஃபைலைக் கொண்டுபோய் அடித்துத் தரச் சொல்லுங்கள். அவர்கள் மேசையில் இருக்கிற அழகான டெமோ பாகம் வேண்டாம். கூடவே அதே பொருளில் 3 திசையிலும் இழுவிசைப் பட்டை கேளுங்கள், ஏஎஸ்டிஎம் டி638 (பிளாஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும் சோதனைத் தரம்) என்றால் அவர்களுக்குப் புரியும். இங்கே சிட்டார்க் சோதனைக் கூடத்திலோ, தெரிந்த கல்லூரி ஆய்வகத்திலோ உடைத்துப் பாருங்கள். உடைக்கிற செலவு மெஷின் கடனுக்கு ஒரு மாத வட்டிகூட ஆகாது.

ஊடைநூல்

சோமனூரில் எல்லாரும் பாவு ஓட்டும் வார்ப்பிங் மெஷின் வாங்குவதில்லை. ஒருத்தர் வைத்திருப்பார், ஊரே அவரிடம் பாவு ஓட்டும். இதற்கும் அப்படி ஒருத்தர் வந்தால் போதாதா? யார் கடன் வாங்குவது என்பதுதான் தகராறு.

கணபதி_லேத்

5 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காய வைத்து, 2 துண்டாக, போல்ட் போட்டு மாட்டினேன். இன்றைக்கு 31 நாள். உடையவில்லை. ஓ ரிங் ஒருமுறை கசிந்தது, மாற்றினேன். மில்காரர் இன்னும் 6 கேட்டிருக்கிறார்.

அப்புறம் அந்தக் கம்பெனிக்கு ஃபைலை அனுப்பினேன். பாதை போட 3 நாள் கேட்டார்கள், அடிக்க 14 மணி நேரம். ஒரே துண்டு, சப்போர்ட் இல்லை, காற்று வழி உள்ளே சுத்தம். கையில் வாங்கியபோது, பொய் சொல்லக் கூடாது, ஆசையாக இருந்தது. கயிறு கொக்கியோடு அப்படியே வளைந்து போகிறது. ஆய்வகத்தில் இழுத்தோம். முதல் மாதிரி நான் எதிர்பார்த்த அளவுக்குப் பாதியிலேயே போய்விட்டது. வளைவில் போகவில்லை. தட்டை அடுக்கு முடிந்து வளைந்த அடுக்கு தொடங்கும் இடத்தில் போனது. பாதையை மாற்றி இரண்டாவது அனுப்பினார்கள். அது என் ஒரு துண்டுக் கொக்கியை விட 2 மடங்குக்கு மேலே தாங்கியது. நான் போல்ட் போட்டதை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

மெஷின் வாங்கவில்லை. மாதம் 4 அல்லது 5 பாகம் வந்தால் அவர்களிடமே ஜாப் ஒர்க்காக அடித்து வாங்குகிறேன் என்று பேசியிருக்கிறேன். யோசிக்கிறோம் என்றார்கள். அப்பா மட்டும் அந்த இரண்டாவது கொக்கியை மேசையிலிருந்து எடுத்துப்போய் லேத் பக்கத்தில் மாட்டிவிட்டார், அதில் அவர் துண்டு தொங்குகிறது.

வைட்ஃபீல்டு_கோவைக்காரன்

முதலாவது போன இடம் சரியாக நான் பயந்த இடம். 2 வகை அடுக்கு சேரும் முகத்தை ஒரே நேர்கோட்டில் விடக் கூடாது, பல் பல்லாகப் பிணைக்க வேண்டும். இரண்டாவதில் என்ன மாற்றினார்கள் என்று கேட்டீர்களா?

கணபதி_லேத்

கேட்டேன். அது எங்கள் ரகசியம் என்றார்கள்.

ஆவாரம்பாளையம்_பேட்டர்ன்

என்ன ரகசியம், இணைப்பை மாற்றி வைத்திருப்பார்கள். உடைந்த முதல் துண்டு இருக்கிறதல்லவா, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாங்க, பார்க்கிறேன். அந்த நல்லதையும் கொண்டு வாங்க. துண்டை வேறெங்காவது தொங்கவிடச் சொல்லுங்க உங்கப்பாவை.